பைபாஸ் வால்வுடன் ஒரு சிறிய ஆயில் ஃபில்டர் வடிவமைக்க: முதல்முறை இறங்குபவர்களுக்கு

வண்டிக்கு ஒரு சின்ன ஆயில் ஃபில்டர் வடிவமைக்கச் சொன்னால், பெரும்பாலானவர்கள் நேராக ஃபில்டர் பேப்பரைத் தேடிப் போவார்கள். எத்தனை மைக்ரான், காகிதமா கண்ணாடி இழையா என்று பேச்சு அங்கேயே சுற்றும். பைபாஸ் வால்வு, அதாவது பேப்பர் வழியாகப் போக முடியாதபோது எண்ணெயை வடிகட்டாமலேயே எஞ்சினுக்கு விடும் கதவு, கடைசியில்தான் வரும், மிச்சமிருக்கும் இடத்தில் திணிக்க வேண்டிய ஒரு சாமானாக. இந்த வேலையில் படாதபாடு பட்டு வெளியே வந்தவன் சொல்கிறேன்: ஃபில்டர் சிறியதாக ஆக ஆக, வால்வுதான் முதலில் முடிவாக வேண்டிய பொருள். பேப்பரின் பரப்பும் வால்வு திறக்கும் அழுத்தமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை. ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்குப் போகலாம் என்று நினைத்தால் இரண்டு முறை வேலை செய்ய வேண்டியிருக்கும்.

இங்கே சொல்வது திருகி மாட்டும் டப்பா வகை ஃபில்டரைப் பற்றி. தனியே உறைக்குள் போடும் கார்ட்ரிட்ஜ் வகைக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

1. எஞ்சின் தகவல் தாளை முதலில் வாங்குங்கள்

வரைபடத்தைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதில் இவை கட்டாயம்: சூட்டிலும் குளிரிலும் ஃபில்டர் வழியாகப் போகும் எண்ணெயின் அளவு, ஆயில் பம்ப்பின் ரிலீஃப் வால்வு திறக்கும் அழுத்தம், பரிந்துரைக்கப்பட்ட எண்ணெயின் தரம், எண்ணெயின் உச்ச வெப்பநிலை, மிகக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக வேண்டிய வெப்பநிலை, எண்ணெய் மாற்றும் இடைவெளி, ஃபில்டர் உட்காரும் இடத்தைச் சுற்றியுள்ள காலி இடம், ஃபில்டர் நிற்கும் கோணம்.

இதோடு இன்னொரு கேள்வி உண்டு. இதைக் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம்: எஞ்சின் பிளாக்கிலேயே பைபாஸ் வால்வு இருக்கிறதா? சில எஞ்சின்களில் ஃபில்டர் உட்காரும் இடத்திலேயே அது வந்துவிடும். அப்படியிருக்க ஃபில்டரிலும் ஒன்று வைத்தால், எது குறைந்த அழுத்தத்தில் திறக்கிறதோ அதுவே ஆட்சி செய்யும். பிளாக்கில் இருப்பது முதலில் திறந்தால், நீங்கள் கணக்குப் போட்டு வைத்த வால்வு சும்மா உட்கார்ந்திருக்கும். பிளாக்கில் இல்லாமல், இருக்கிறது என்று நம்பி நீங்களும் வைக்காமல் விட்டால் அடைத்த ஃபில்டர் பேரிங்குகளைப் பட்டினி போட்டுவிடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கடை ஃபில்டரை அறுத்துப் பார்த்து அளவெடுப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் இந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லாது.

ரிலீஃப் வால்வையும் பைபாஸ் வால்வையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரிலீஃப் என்பது பம்ப் கொடுக்கும் மொத்த அழுத்தத்துக்கு வரம்பு போடுவது. பைபாஸ் பார்ப்பது பேப்பரின் அழுக்குப் பக்கத்துக்கும் சுத்தப் பக்கத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும். எஞ்சின் அழுத்தம் 4 பார் இருக்கும்போதும் பைபாஸுக்குத் தெரிவது 0.2 பாராக இருக்கலாம்.

2. திறக்கும் அழுத்தத்தை முடிவு செய்யுங்கள்

சாதாரண கார் ஃபில்டர்களில் பைபாஸ் பெரும்பாலும் 0.55 முதல் 1.5 பார் வரையிலான வித்தியாசத்தில் திறக்கும்படி வைக்கிறார்கள். பிஎஸ்ஐ-யில் சொன்னால் ஏறக்குறைய 8 முதல் 22. இந்த இடைவெளிக்குள் எங்கே நிற்பது என்பதற்கு எண்ணெயின் பாகுத்தன்மையைப் பார்க்க வேண்டும்.

5டபிள்யூ-30 எண்ணெயை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் எண்ணெய்களை வகைப்படுத்தும் எஸ்ஏஈ ஜே300 தரப்படி 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மை 9.3-க்குக் குறையாமலும் 12.5 சென்டிஸ்டோக்ஸை (பாகுத்தன்மையின் அலகு) எட்டாமலும் இருக்க வேண்டும். அதே எண்ணெய் 40 டிகிரியில் 60-ஐ ஒட்டி வரும். 20 டிகிரிக்கு இறங்கினால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பேப்பர் வழியாக எண்ணெய் போவது மெதுவான, சீரான ஓட்டம் என்பதால் அழுத்த வேறுபாடு பாகுத்தன்மையோடு நேராக ஏறும். சூட்டில் 0.12 பார் காட்டும் புத்தம் புதிய ஃபில்டர், அதே ஓட்டத்தில் 40 டிகிரியில் 0.7 பார் காட்டும். 20 டிகிரியில் 1.5 பாரைத் தாண்டும். ஒரு பாரில் திறக்கும் வால்வு வைத்திருந்தால், வண்டியை எடுத்த உடனே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவர் ஒவ்வொரு முறையும் அதைத் திறக்க வைக்கிறார்.

பைபாஸ் என்றால் என்றைக்கோ ஒருநாள், ஃபில்டர் அடைத்தபோது மட்டும் திறக்கும் அவசரக் கதவு என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய ஃபில்டரில் அது ஓரளவு சரி. சின்ன ஃபில்டரில் அது தினமும் வேலை செய்யும் உறுப்பு, அதை அப்படியே மதித்து வடிவமைக்க வேண்டும்.

அழுத்தத்தை மேலே ஏற்றிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். ஏற்றினால் பேப்பர் மடிப்புகளும், அவற்றை உள்ளிருந்து தாங்கும் நடுக்குழாயும் அந்த வித்தியாசம் முழுவதையும் தாங்க வேண்டும். வால்வு 1.5 பாரில் திறக்கிறது என்றால் நடுக்குழாய் 1.5 பாருக்குப் போதும் என்று அர்த்தமில்லை. குளிரில் கெட்டியான எண்ணெய் வால்வு வழியாகப் போகவும் திணறும், அந்த நேரத்தில் வித்தியாசம் இன்னும் ஏறும். எவ்வளவு ஏறும் என்பதைக் குளிர் ஸ்டார்ட் சோதனைதான் சொல்லும், அதற்கு மேல் தாங்கும்படி குழாயை வையுங்கள்.

வரைபடத்தில் எழுதும்போது ஒரே எண்ணை எழுதாதீர்கள். திறக்கத் தொடங்கும் அழுத்தம் ஒன்று, முழு ஓட்டத்தையும் விடும்போது இருக்கும் அழுத்தம் இன்னொன்று. இரண்டையும், எந்த ஓட்டத்தில், எந்த வெப்பநிலையில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் 'ஒரு பார்' என்று எழுதிய வரைபடத்தை வைத்துக்கொண்டு வாங்குபவரும் செய்து கொடுப்பவரும் தனித்தனியாக அர்த்தம் பண்ணிக்கொண்டு சண்டை போடுவார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கும், அதுதான் கொடுமை.

3. வால்வை எங்கே வைப்பது

இரண்டு இடங்கள்தான். டப்பாவின் மூடிய, குவிந்த முனையில் வைக்கலாம், அல்லது மரை இருக்கும் அடித்தட்டுப் பக்கம் வைக்கலாம்.

குவிந்த பக்கம் வைப்பது செய்ய எளிது. எலிமென்ட்டை (மடித்த பேப்பரும் நடுக்குழாயும் சேர்ந்த உள்பகுதி) தள்ளிப் பிடிக்கும் ஸ்பிரிங் அங்கேதான் இருக்கிறது, வால்வை நடுக்குழாய்க்குள் இறக்கிவிட்டால் உயரமும் மிச்சம். ஆனால் வால்வு திறக்கும்போது எண்ணெய் அழுக்குப் பக்கத்தின் முழு நீளத்தையும் கடந்து போக வேண்டும். போகிற வழியில் மடிப்புகளில் படிந்த கசடைக் கழுவிக்கொண்டு போகவும் வாய்ப்புண்டு. அடித்தட்டுப் பக்கம் வைத்தால் எண்ணெய் உள்ளே வந்ததும் குறுக்கு வழியில் வெளியேறிவிடும், பழைய அழுக்கு கலையாது. இடம்தான் அங்கே நெருக்கடி, ஏனென்றால் எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பரும் அங்கேதான் உட்கார வேண்டும். இரண்டையும் ஒரே ரப்பர்த் துண்டாகச் செய்யும் வடிவங்களும் இருக்கின்றன. முதல் ஃபில்டரிலேயே அதில் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து: ரப்பரின் விறைப்பு சூட்டுக்குச் சூடு மாறும், திறக்கும் அழுத்தமும் கூடவே மாறும்.

4. ஸ்பிரிங் கணக்கு

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். எண்ணோடு பார்ப்போம்.

வால்வு சீட்டின் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) விட்டம் 14 மில்லிமீட்டர், திறக்க வேண்டியது ஒரு பாரில் என்று வையுங்கள். பரப்பு 154 சதுர மில்லிமீட்டர். ஒரு பார் என்பது சதுர மில்லிமீட்டருக்கு 0.1 நியூட்டன். ஆகவே வால்வை மூடிவைக்க ஸ்பிரிங் கொடுக்க வேண்டிய விசை 15.4 நியூட்டன். 0.9 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி, சுருளின் சராசரி விட்டம் 9 மில்லிமீட்டர், வேலை செய்யும் சுற்றுகள் 6 என்று எடுத்தால் விறைப்பு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1.48 நியூட்டன் வரும். அப்படியானால் ஸ்பிரிங்கை 10.4 மில்லிமீட்டர் அழுத்தி வைத்தால் வேண்டிய விசை கிடைக்கும்.

இனி வால்வு 3 மில்லிமீட்டர் எழும்பினால்? விசை 4.4 நியூட்டன் கூடும், அழுத்தத்தில் ஏறக்குறைய 0.29 பார். அதாவது ஒரு பாரில் திறக்கத் தொடங்கும் வால்வு முழுதாகத் திறந்து நிற்பது 1.3 பாரில். இந்த ஏற்றத்தைக் குறைக்க வேண்டுமென்றால் மெலிந்த விறைப்பும் நீண்ட ஸ்பிரிங்கும் வேண்டும், அதற்குத்தான் இடமில்லை. சிறிய ஃபில்டரின் இழுபறி முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

3 மில்லிமீட்டர் எழும்பினால் வால்வின் சுற்றளவில் கிடைக்கும் திறப்பு 132 சதுர மில்லிமீட்டர். சூடான எண்ணெய்க்கு, ஓட்டக் குணகம் (கணக்குப்படி போக வேண்டிய ஓட்டத்தில் உண்மையில் போகும் பங்கு) 0.6 என்று வைத்தால், 1.3 பாரில் நிமிடத்துக்கு 80 லிட்டர் வரை விடும். சிறிய கார் எஞ்சினுக்கு இது தாராளம். ஆனால் குளிரில் கெட்டியான எண்ணெய்க்கு அந்தக் குணகம் செல்லாது. கணக்கில் கிடைத்த தாராளத்தைக் குளிரில் எண்ணெய் விழுங்கிவிடும். அதனால் திறப்பைச் சூட்டுக் கணக்குக்கு இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஸ்பிரிங்கைத் தாங்கும் கூண்டின் ஜன்னல்களையும் கூட்டிப் பாருங்கள்: வால்வு 132 விட்டு, ஜன்னல்கள் 90 மட்டும் விட்டால் உங்கள் வால்வு 90-தான்.

இனி பொறி வைத்திருக்கும் இடம். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்மடியோடு மாறும். 0.90-க்குப் பதில் 0.92 கம்பி வந்துவிட்டால் விறைப்பு 9 சதவீதம் கூடிவிடும். கண்ணால் பார்த்தால், கையால் அழுத்திப் பார்த்தால் தெரியாது. அழுத்தி வைத்த உயரத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால் இன்னொரு 5 சதவீதம். ஆகவே ஸ்பிரிங் வரைபடத்தில் கம்பி, சுற்று, நீளம் எல்லாவற்றுக்கும் இறுக்கமான அளவு போட்டு விலையை ஏற்றாதீர்கள். 'இந்த உயரத்தில் இந்த விசை, இவ்வளவு கூடக்குறைய' என்று ஒரே நிபந்தனையை இறுக்கமாகப் போடுங்கள், மற்றதை ஸ்பிரிங் செய்பவரிடம் விடுங்கள். அவருக்கும் நிம்மதி. கூடவே, சூட்டில் ஸ்பிரிங் தளர்ந்து போகாமலிருக்க ஒருமுறை முழுதாக அழுத்தி 'செட்' செய்து தரும்படி எழுதுங்கள்.

5. வால்வு ஒழுகக் கூடாது

மூடியிருக்கும்போது வால்வு எவ்வளவு ஒழுகுகிறது என்பதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. மொத்த ஓட்டத்தில் 2 சதவீதம் ஒழுகினால், எந்த உயர்ந்த பேப்பரைப் போட்டாலும் ஃபில்டரின் திறன் 98 சதவீதத்தைத் தாண்டாது. பீட்டா மதிப்பு (உள்ளே வரும் துகள்களின் எண்ணிக்கையைத் தப்பிப் போகும் துகள்களின் எண்ணிக்கையால் வகுத்தது) 50-ஐத் தாண்டாது. விலை உயர்ந்த கண்ணாடி இழைக்குக் கொடுத்த காசு அந்த இடுக்கு வழியாகப் போய்விடும்.

சீட்டின் மேல் உதட்டை அகலமாகச் செய்தால் நன்றாக மூடும் என்று தோன்றும். மெல்லிய உதடுதான் நன்றாக மூடும், விசை குறுகிய இடத்தில் குவிவதால். துடிப்புச் சோதனை (அழுத்தத்தை மாற்றி மாற்றி ஏற்றி இறக்குவது) முடித்த வால்வை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சீட்டின் தடம் சுற்றிலும் ஒரே அகலத்தில் மங்கலான வளையமாக இருந்தால் சரி. ஒரு பக்கம் பளபளப்பாகவும் அகலமாகவும், எதிர்ப்பக்கம் தடமே இல்லாமலும் இருந்தால், வால்வு சாய்ந்து தட்டிக்கொண்டிருக்கிறது; வழிகாட்டும் தண்டு குட்டையாக இருக்கிறது அல்லது ஸ்பிரிங்கின் முனை சமமாகத் தேய்க்கப்படவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச் போதும்.

6. பேப்பரும் மடிப்பும்

நடுக்குழாயின் வெளிவிட்டம் 28 மில்லிமீட்டர், மடிப்பின் ஆழம் 12, உயரம் 55 என்று வைத்து 50 மடிப்பு போட்டால், பரப்பு 660 சதுர சென்டிமீட்டர். 60 ஆக்கினால் 792. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் குழாயின் சுற்றளவு 88 மில்லிமீட்டர்தான். 60 மடிப்பென்றால் ஒவ்வொன்றுக்கும் 1.47 மில்லிமீட்டர் கிடைக்கும். பேப்பரின் தடிமன் 0.6 என்றால் இரண்டு சுவருக்கே 1.2 போய்விடும். மீதி கால் மில்லிமீட்டர் இடுக்கில் எண்ணெய் எப்படிப் போகும்? மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கணக்கில் இருக்கும் பரப்பு வேலையில் இருக்காது. 50-க்கும் 60-க்கும் இடையே ஒவ்வொரு படியாகச் செய்து அழுத்த வேறுபாட்டை அளந்து பாருங்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு மடிப்பைக் கூட்டக் கூட்ட அழுத்தம் குறைவதற்குப் பதில் ஏறத் தொடங்கும். அதற்கு முந்தைய எண்தான் உங்களுடையது.

பேப்பர் விற்பவர் தரும் தாளில் இருப்பது தட்டையான மாதிரியின் அளவுகள். மடித்து, சூட்டில் பிசினை இறுக்கிய பின் அதே எண்கள் வராது. பிசின் ஊட்டிய செல்லுலோஸ் பேப்பர் மலிவு, மடிக்கவும் எளிது. கண்ணாடி இழை கலந்தது குறைந்த அழுத்தத்தில் அதிக அழுக்கைத் தாங்கும், ஆனால் மடிக்கும்போது உடையும், பின்னால் ஒரு வலை வேண்டும். எண்ணெய் மாற்றும் இடைவெளி நீளமாக இருந்து டப்பாவும் சிறியதாக இருந்தால் வேறு வழியில்லை, இரண்டாவதுக்குத்தான் போக வேண்டும்.

'20 மைக்ரான் ஃபில்டர்' என்று வெறுமனே சொல்வதை நம்பாதீர்கள். 20 மைக்ரானில் பீட்டா 2 என்றால் பாதித் துகள்கள் தப்பித்துப் போகின்றன என்று பொருள். பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம் பிடிபடுகிறது. இரண்டையும் விற்பனைத் தாளில் '20 மைக்ரான்' என்றே போடுவார்கள்.

7. டப்பா, மரை, ரப்பர்

டப்பாவைப் புதிதாக வரையாதீர்கள். ஆழமாக இழுத்துச் செய்யும் அந்த அச்சுதான் திட்டத்திலேயே பெரிய செலவுகளில் ஒன்று. ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவரிடம் எந்தெந்த விட்டமும் உயரமும் இருக்கிறது என்று கேட்டு, அதற்குள் உங்கள் எலிமென்ட்டை அடக்குங்கள். டப்பாவின் சுவரைப் பற்றிப் பயப்பட வேண்டாம்: 66 மில்லிமீட்டர் விட்டமும் 0.5 மில்லிமீட்டர் தகடும் 20 பாரில் சந்திக்கும் தகைவு 132 மெகாபாஸ்கல்தான். முதலில் கைவிடுவது அடித்தட்டு. அது வளைந்து கொடுத்தால் கேஸ்கட் வெளியே பிதுங்கும். அல்லது டப்பாவையும் அடித்தட்டையும் மடித்துப் பூட்டும் சீம் பிரியும்.

மரையில் ஒரு ஆபத்து உண்டு. எம்20, 1.5 பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைத்தூரம்) என்பதும் முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை என்பதும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றே. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், பிட்ச் 1.59. எம்20 ஃபில்டர், எஞ்சினில் நீட்டிக்கொண்டிருக்கும் முக்கால் அங்குல மரைத் தண்டில் (ஸ்டட்) தொளதொளவென்று ஏறி, கேஸ்கட் பட்டதும் இறுகியது போலவும் காட்டும். ஓடும்போது அழுத்தம் ஏறினால் கழன்று வந்துவிடும். ஆகவே மரை அளவை டப்பாவின் மேலேயே தெளிவாக அச்சிடுங்கள்.

திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பருக்கு நைட்ரைல் மலிவு. நாள்பட்ட சூட்டில் அது விறைத்துப்போகும், சிலிகோன் நீண்ட நாள் வளைந்து கொடுக்கும். ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ நிற்கும் எஞ்சின் என்றால் இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

8. செலவையும் காலத்தையும் எப்படி அடுக்குவது

பிளாஸ்டிக் வால்வு உடலுக்கான ஊசி அச்சுதான் வரிசையிலேயே தாமதம், இரண்டு மூன்று மாதங்கள் எளிதாகப் போகும். ஸ்பிரிங் மாதிரிகள் சில நாட்களில் கிடைக்கும், பேப்பர் மாதிரியைக் கேட்டால் பலர் இலவசமாகவே தருவார்கள். ஆகவே முதலில் வால்வு உடலை உலோகத்தில் கடைந்தெடுத்து, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றிப் போட்டு அழுத்தத்தை முடிவு செய்யுங்கள். அதன் பிறகே அச்சுக்குப் பணம் கட்டுங்கள். முப்பரிமாண அச்சில் எடுத்த உடல் பொருத்தம் பார்க்கவும் அறை வெப்பத்தில் ஓட்டம் பார்க்கவும் போதும், சூடான எண்ணெயில் அதை நம்பிச் சோதிக்க வேண்டாம். ஊசி அச்சில் வந்த கண்ணாடி இழை கலந்த நைலான் உடலை மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும், சீட் சற்றே கோணலாகத்தான் வரும்.

காப்புரிமைத் தேடலை அச்சுக்கு முன் செய்யுங்கள். பன்னாட்டு வகைப்பாட்டில் பி01டி 27/10, பி01டி 35/147 ஆகிய இரண்டு பிரிவுகளில் பைபாஸ் வால்வுகள் குவிந்து கிடக்கின்றன, எஞ்சினோடு பொருத்தும் முறைகள் எஃப்01எம் பிரிவில். காலாவதியான காப்புரிமைகளையும் படியுங்கள். நீங்கள் மூளையைக் கசக்கும் சிக்கலுக்கு யாராவது வரைந்து வைத்த விடை அங்கே சும்மா கிடக்கும்.

9. சோதனைகள், ஆவணங்கள்

ஐஎஸ்ஓ 4548 என்பது இந்தத் துறையின் சோதனை வரிசை. பகுதி பகுதியாக விற்கிறார்கள், எல்லாவற்றையும் முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. பகுதி 1 ஓட்டமும் அழுத்த வேறுபாடும். பகுதி 2 பைபாஸ் வால்வு, இதை முதலில் வாங்குங்கள். பகுதி 3 எலிமென்ட் அழுத்த வேறுபாட்டையும் சூட்டையும் தாங்குகிறதா என்பது. 5 குளிர் ஸ்டார்ட்டும் துடிப்பும், 6 வெடிக்கும் அழுத்தம், 7 அதிர்வு, 9 திரும்பி வடிதல். பகுதி 12 துகள் எண்ணிக்கை முறையில் திறனும் அழுக்குக் கொள்ளளவும் அளப்பது, அதற்கு ஐஎஸ்ஓ 12103-1-இன் ஏ3 தூசைப் பயன்படுத்துவார்கள்.

பகுதி 1, 2, 9 ஆகியவற்றை ஒரு பம்ப், ஒரு ஹீட்டர், இரண்டு அழுத்தமானி, ஓட்டமானியோடு உங்கள் இடத்திலேயே ஓரளவு செய்து பார்க்கலாம். வால்வைச் சோதிக்கும்போது பேப்பர் வழியாக எண்ணெய் போகாதபடி எலிமென்ட்டை அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் வால்வு வழியாகப் போனது எது, பேப்பர் வழியாகப் போனது எது என்று பிரிக்க முடியாது. பகுதி 12-க்கு வெளி ஆய்வகம்தான் வழி, செலவும் அதில்தான் அதிகம், வரிசையில் காத்திருக்கவும் வேண்டும். ஆகவே முடிவான வடிவம் கைக்கு வருவதற்கு முன்பே அங்கே இடம் பிடித்து வையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பும்போது, பைபாஸ் வேலை செய்யும் நிலையில் சோதிக்க வேண்டுமா, அடைத்துவிட்டுச் சோதிக்க வேண்டுமா என்று எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் வழக்கப்படி ஒன்றைச் செய்வார்கள், அறிக்கை வந்த பிறகு அதைப் பேசிப் பயனில்லை.

வாகன நிறுவனத்துக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அவர்கள் வாகனத் துறையின் தர மேலாண்மைத் தரமான ஐஏடிஎஃப் 16949 முறைப்படி கேட்பார்கள்: பழுது ஆய்வுத் தாள், சோதனைத் திட்டமும் முடிவும், பொருள் சான்றிதழ்கள், அளவு அறிக்கை, பிபிஏபி கோப்பு (பாகத்தை உற்பத்திக்கு விட ஒப்புதல் வாங்கும் கோப்பு). பழுது ஆய்வில் பைபாஸுக்கு மட்டும் தனிப் பக்கம் வையுங்கள். திறக்காமல் சிக்கிக்கொண்டால், மூடாமல் சிக்கிக்கொண்டால், தாமதமாகத் திறந்தால், துடிதுடித்தால், உடைந்து துண்டு சுத்தப் பக்கம் போனால் என்று ஐந்து வரி. கடைசி வரியைத்தான் அவர்கள் விரலை வைத்துக் கேட்பார்கள், அதற்கு வால்வைத் தாண்டி எண்ணெய் போகும் வழியில், துண்டு தாண்டாத ஒரு தடுப்பு வரைபடத்திலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் ஃபில்டரை அறுத்து, எலிமென்ட்டையும் வால்வையும் தேதியும் ஸ்பிரிங் தொகுதி எண்ணும் ஒட்டிப் பையில் போட்டு வையுங்கள். அடுத்த தொகுதி ஸ்பிரிங் வந்து வால்வு வேறு அழுத்தத்தில் திறக்கும் நாளில், வைத்து ஒப்பிட அந்தப் பைகள்தான் இருக்கும்.